ரதி புலம்பலுக்கு வாயசைவு பிந்துகிறது, பிளெண்டர் அனிமேஷன் மென்பொருள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். மன்மதன், ரதி கதையை ஆடும் எங்கள் காமன் கூத்தை 12 நிமிட அனிமேஷன் பாட்டுப் படமாகச் செய்கிறேன். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்ததும் ரதி அழுது பாடும் இடத்தில் சிக்கிவிட்டேன்.

பிளெண்டர் 3.6, செக்கனுக்கு 24 ஃபிரேம், 8 ஜிபி லேப்டொப். மாசியில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், மாமா பாடியதைத் தப்பு மேளத்தோடு சேர்த்து ஃபோனில் வீடியோ எடுத்தேன். அதைப் பார்த்தே வாயசைவு வைத்தேன். ஒலியையும் அதிலிருந்துதான் பிரித்தேன். முதல் நிமிடம் சரி, மூன்றாவதில் அரை செக்கன் பிந்துகிறது.

ஒலியை வேவ் (WAV) கோப்பாக்கினேன், முழு வீடியோவாக ரெண்டர் செய்தும் பார்த்தேன், அதே பிழை. அப்புறம் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமுக்கு மாமாவைப் பாடச் சொன்னேன், அழுகையே போய்விட்டது. அவர் "ஐயோ" என்று இழுக்கையில் தப்பும் காத்து நிற்கும். அந்த நிற்றல் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

மீண்டும் பதிவு செய்யாமல் இந்தப் பிந்தலை எப்படி நீக்கலாம்?