உதவி: மில்லில் டப் உடைகிறது, டூலைக் கழற்றிப் போட்டால் உயரமும் மாறுகிறது (அவசரம்)

இணுவில்_மில் (செவ்வாய், இரவு 9.12)
வணக்கம். என்னுடைய சின்ன சிஎன்சி மில்லுக்கு (கணினி ஓட்டும் உலோகம் வெட்டும் இயந்திரம்), டூலைக் கெதியாக மாற்றும் செட் ஒன்றும் டப் (துளைக்குள் திருகுப்புரி வெட்டும் கருவி) பிடிக்கிற ஹோல்டர் ஒன்றும் வாங்கிப் பூட்டினேன். இரண்டு நாளில் மூன்று டப் உடைந்துவிட்டது. அதோடு டூலைக் கழற்றித் திரும்பப் போட்டால் முன்பு நின்ற உயரத்தில் நிற்பதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் 24 தட்டு கொடுக்க வேண்டும். எங்கே பிழை? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பழைய_லேத் (9.25)
தம்பி, என்ன உலோகம், டப் என்ன அளவு, துளை எத்தனை மி.மீ.? இதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல ஏலாது. என் கணிப்பு, துளை சின்னன். முக்கால்வாசி டப் உடைகிறது அதால்தான்.

ரொரன்டோ_கராஜ் (9.31)
எந்தக் கொன்ட்ரோலர்? ஸ்பிண்டிலில் (டூலைச் சுற்றும் தண்டு) சுற்றை எண்ணும் என்கோடர் இருக்கிறதா? நான் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் வைத்திருக்கிறேன், ஜி33.1 கட்டளை போட்டால் ஸ்பிண்டிலும் இசட்டும் (மேல் கீழ் அச்சு) பல்லோடு பல் பூட்டினது போலப் போகும். டப்பைச் சாதாரண கொலட்டிலேயே (டூலைக் கவ்வும் பிளவுபட்ட குழல்) பிடிக்கலாம். என்கோடர் பூட்டுங்கள், பிரச்சினை முடிந்தது.

கூர்முனை (9.48)
இதே கேள்வி அடிக்கடி வருகிறது, ஒவ்வொரு முறையும் விவரம் ஒன்றும் இல்லாமலே வருகிறது. இயந்திரம் வாங்கிய கையோடு டப் போட வெளிக்கிடக் கூடாது. டப் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பிட்ச் (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம்) இறங்கியே ஆக வேண்டும். எம்6 டப்புக்குப் பிட்ச் 1 மி.மீ., 300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 300 சுற்று) சுற்றினால் இறக்கம் நிமிடத்துக்கு 300 மி.மீ. அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். 24 தட்டைக் கையால் போட்டு முடியுங்கள். மெஷினில் போடுவதைப் பிறகு ஆறுதலாகப் படிக்கலாம்.

இணுவில்_மில் (10.05)
மன்னிக்க வேண்டும், அவசரத்தில் எழுதிவிட்டேன். அலுமினியம். எம்6 டப், 5 மி.மீ. துளை. கொன்ட்ரோலர் மாக்3. ஹோல்டர் நீண்டு சுருங்கும் வகை. எஸ்300 (சுற்று) எஃப்300 (இறக்கம்) தான் கொடுத்திருக்கிறேன், அந்தக் கணக்குத் தெரியும்.

பழைய_லேத் (10.11)
5 மி.மீ. பிழை இல்லை, ஆனால் 5.1 போட்டுப் பாருங்கோ. 5.0 துளையில் முழுப் புரி ஆழத்தில் ஏறத்தாழ 77 வீதம் கிடைக்கும், 5.1 இல் 69 வீதம். அலுமினியத்தில் 69 தாராளமாகக் காணும், டப்புக்குப் பாரமும் குறையும்.

ரொரன்டோ_கராஜ் (10.14)
மாக்3 இல் உண்மையான ரிஜிட் டப்பிங் (சுற்றும் இறக்கமும் பூட்டினபடி போவது) இல்லை. அதனால்தான் நீண்டு சுருங்கும் ஹோல்டர் தேவைப்படுகிறது. நான் முதலே சொன்னேன், கொன்ட்ரோலரை மாற்றுங்கள்.

அறிவியல்நகர்_மாணவன் (10.20)
அண்ணை, வெள்ளிக்கிழமைக்குள் அவரால் கொன்ட்ரோலர் மாற்ற ஏலாது. இணுவில் அண்ணை, நான் ஐந்து விஷயம் கேட்கிறேன்:
துளை அடைத்ததா, ஊடு துளையா? எவ்வளவு ஆழம்? டப்பின் வாய்க்கால் (சீவல் போகும் பள்ளம்) நேரா, சுருளா? டப் உடைவது இறங்கும்போதா, அடியிலா, ஏறும்போதா? ஸ்பிண்டில் மோட்டருக்கு விஎஃப்டி (மோட்டர் வேகத்தை மாற்றும் மின்கருவி) இருந்தால், எம்5 (ஸ்பிண்டிலை நிறுத்தும் கட்டளை) கொடுத்த பிறகு முழுவதும் நிற்க எத்தனை செக்கன்? போனில் நேரம் பிடித்துச் சொல்லுங்கள்.

கூர்முனை (10.24)
கடைசிக் கேள்விக்கும் டப் உடைவதற்கும் சம்பந்தம் இல்லை.

இணுவில்_மில் (புதன், காலை 6.40)
20 மி.மீ. தட்டு. அடைத்த துளை, 17 மி.மீ. ஆழம். புரி 12 மி.மீ. வேண்டும். டப் சுருள் வாய்க்கால். உடைவது எப்பவும் அடியில், இறங்கும்போது வடிவாகப் போகிறது. நேரம் பிடித்தேன், 300 ஆர்பிஎம்மில் இருந்து நிற்க 4 செக்கன். ஆனால் விஎஃப்டியில் நிற்கும் நேரம் 8 செக்கன் என்று இருக்கிறது. விஎஃப்டி பழுதா?

அறிவியல்நகர்_மாணவன் (6.58)
கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 300 ஆர்பிஎம் என்றால் செக்கனுக்கு 5 சுற்று. சீராகக் குறைந்து நிற்பதால் சராசரி 2.5 சுற்று. 8 செக்கனுக்கு 20 சுற்று. உங்கள் இசட் 12 இல் நின்ற பிறகு டப் இன்னும் 20 மி.மீ. கீழே போகப் பார்க்கிறது!

நூலளவு (7.10)
மாணவன் போகும் பாதை சரி, ஒரு திருத்தம் மட்டும். விஎஃப்டியில் போடும் நிற்கும் நேரம், உச்ச அதிர்வெண்ணிலிருந்து பூச்சியத்துக்கு வருகிற நேரம். இங்கே 50 ஹெர்ட்ஸ். இவர் 300 ஆர்பிஎம்முக்கு 25 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறார் போல, அதனால்தான் 8 இல் பாதி, 4 செக்கன். விஎஃப்டி பழுதில்லை. 4 செக்கனுக்கு 2.5 சுற்று வீதம் 10 சுற்று, அதாவது 10 மி.மீ.
இப்போது துளையைப் பாருங்கள். இசட் நிற்பது 12 இல். துளையின் அடி 17 இல். இடையில் 5 மி.மீ. தான் இருக்கிறது, டப் கேட்பது 10. ஹோல்டர் நீண்டு கொடுக்கும், ஆனால் துளையின் அடி கொடுக்காது. டப்பின் மூக்கு அடியில் முட்டிய பிறகும் மோட்டர் சுற்றுகிறது. மூன்றும் ஒரே இடத்தில் உடைந்ததற்குக் காரணம் இதுதான்.

இணுவில்_மில் (7.15)
ஓம்! உடைந்த துண்டு மூன்றும் ஒரே நீளம். இப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இனி என்ன செய்ய?

நூலளவு (7.32)
காசு செலவில்லாத வழி: 300 ஐ 150 ஆக்குங்கள், எஃப் உம் 150. வேகம் பாதியானால் நிற்கும் நேரம் பாதி, சராசரிச் சுற்றும் பாதி. ஆகவே ஓடிப்போகும் சுற்று கால்வாசியாகக் குறையும், 10 இலிருந்து 2.5. இசட்டை 12 வரை கொண்டு போகாமல் 9.5 இல் நிறுத்துங்கள், மிச்சம் 2.5 ஐ டப் தானே போய் வெட்டும்.
அடுத்தது முக்கியம். அடியில் திசை மாற்றும் கட்டளை கொடுத்தவுடன் இசட்டை மேலே இழுக்காதீர்கள். ஸ்பிண்டில் இன்னும் முன்னுக்குச் சுற்றும்போது இசட் மேலே போனால், ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் இழுவை. 2 செக்கன் நிற்க, 2 செக்கன் எதிர்த்திசையில் வேகம் எடுக்க, மொத்தம் 4 செக்கன் ஜி4 (காத்திருக்கும் கட்டளை). வேகம் எடுக்கும் நேரமும் 8 தான் என்றால், நிற்கும்போது நீண்ட 2.5 மி.மீ. வேகம் எடுக்கும்போது திரும்பச் சுருங்கிவிடும். பிறகு இசட் மேலே.
மாக்3 இல் ஜி4 செக்கனா மில்லிசெக்கனா என்பது உள்ளமைவைப் பொறுத்தது. 4 என்று போட்டு 4 மில்லிசெக்கன் காத்திருந்தால் நாலாவது டப்பும் போகும். முதலில் காற்றில் ஓட்டிப் பாருங்கள்.

அறிவியல்நகர்_மாணவன் (7.40)
நிற்கும் நேரத்தை 8 இலிருந்து 2 ஆக்கினாலும் சரிதானே?

நூலளவு (7.44)
சரி, ஆனால் கூடக் குறைத்தால் மோட்டர் ஜெனரேட்டர் போலத் திரும்ப மின்னை அனுப்பும். விஎஃப்டி மின்னழுத்தம் கூடிவிட்டது என்று துண்டித்துவிடும், ஸ்பிண்டில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு நிற்கும். டப் துளைக்குள் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. அந்த மின்னைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் பூட்டினால் குறைக்கலாம்.

கோண்டாவில்_பட்டறை (8.05)
எல்லாரும் கணக்குப் போடுகிறீர்கள், எண்ணெயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுங்கோ. காய்ந்த துளையில் அலுமினியம் டப்பின் பல்லில் ஒட்டிக்கொள்ளும், பிறகு புரி கிழியும்.

பழைய_லேத் (8.12)
மண்ணெண்ணெய் முகம் வெட்டும்போது நல்லது. டப்புக்கு அது மெல்லிசு. நான் தேங்காயெண்ணெய்தான் விடுகிறேன், பல்லில் தங்கி நிற்கும்.

கோண்டாவில்_பட்டறை (8.20)
தேங்காயெண்ணெய் இரண்டு கிழமையில் மெஷினில் பிசின் மாதிரிப் பிடிக்கும், துடைக்கத் துடைக்கப் போகாது. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு தட்டுப்பாடு, அப்பவும் எங்கள் அப்பா அலுமினியத்துக்கென்று ஒரு ஜாம் போத்தலில் எடுத்து ஒளித்து வைத்திருந்தார். மோட்டர் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடின காலம் அது.

பழைய_லேத் (8.27)
அந்தக் காலத்தில் நானும் பட்டறையில்தான் நின்றேன். மண்ணெண்ணெய் விளக்குக்கும் இல்லை, எஞ்சினுக்கும் இல்லை. தேங்காயெண்ணெயில் போட்ட புரி இன்றைக்கும் ஒரு தண்ணீர்ப் பம்பில் இறுக்கமாக இருக்கிறது, வந்து பாருங்கோ.

ரொரன்டோ_கராஜ் (8.31)
இங்கே டப்புக்கென்றே திரவம் சின்னப் போத்தலில் விற்கிறது.

கோண்டாவில்_பட்டறை (8.33)
அங்கே விற்கிறது அண்ணை. இங்கே யாழ்ப்பாணத்தில் ஸ்டான்லி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாருங்கோ.

கூர்முனை (8.50)
இழை எங்கேயோ போகிறது. எண்ணெய் பற்றிக் கதைக்கத் தனி இழை தொடங்குங்கள். விஎஃப்டி விஷயத்தில் நான் சொன்னது பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவருக்கு ஏற்ற வழி டப்பே இல்லை என்பதில் மாற்றமில்லை. திரெட் மில் வாங்கட்டும். சின்னக் கட்டர், துளைக்குள் இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே மேலே ஏறிப் புரி வெட்டும். திசை மாற்றத் தேவையில்லை, ஸ்பிண்டில் வேகமாகச் சுற்றினால் போதும். உடைந்தாலும் துண்டு துளைக்குள் இறுகாது, கவிழ்த்தால் விழும்.

அறிவியல்நகர்_மாணவன் (9.02)
அது நல்ல வழிதான். ஆனால் ஒரு கட்டர் வந்து சேர இங்கே எத்தனை கிழமை? டப் இன்றைக்கே வாங்கலாம். அதோடு இணுவில் அண்ணையின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நூலளவு (9.30)
உயரம் மாறுவது பற்றி. நீங்கள் வாங்கியது 19.05 மி.மீ. தண்டு உள்ள ஹோல்டர்கள், ஆர்8 என்ற வகைக் கொலட்டில் பிடிப்பது, ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பு உண்டு. அப்படித்தானே? அந்த வகையில் கொலட் தண்டைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும், விளிம்பு ஸ்பிண்டிலின் மூக்கில் (கீழ் நுனி முகம்) போய் உட்கார வேண்டும். உயரத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டு முகங்களும் சேருகிற இடம்தான்.
சாதாரண ஆர்8 கொலட் என்றால் அதன் வாய் மூக்கைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்கலாம். அப்போது விளிம்பு மூக்கைத் தொடாது, கொலட்டின் வாயில்தான் குந்தும். கொலட்டை மேலே இழுக்கும் கம்பியை இன்றைக்குக் கொஞ்சம் கூட இறுக்கினால் கொலட் கூட ஏறும், உயரம் மாறும். பக்கவாட்டு உறுதியும் இல்லை. ஹோல்டரை இறுக்கிவிட்டு விளிம்புக்கும் மூக்குக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.05 தகடுகூட நுழையக் கூடாது.

இணுவில்_மில் (மதியம் 1.15)
0.15 சுற்றிவர நுழைகிறது. ஒரு பக்கத்தில் 0.20 உம் போனது.

நூலளவு (1.40)
அப்போ அதுதான். கொலட்டின் வாயை 1 மி.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும், இறுக்கிய பிறகு அது மூக்குக்கு உள்ளே நிற்க வேண்டும். கடினப்படுத்திய உருக்கு, அரத்தால் ராவ வெளிக்கிடாதீர்கள், முகம் கோணலாகிவிடும். கிரைண்டர் உள்ள பட்டறையில் கொடுத்து அரைப்பியுங்கள். அரைத்த பிறகு வெட்டுக் கீற்றுகளின் ஓரத்தில் பிசிர் இருக்கும், அதைச் சாணைக்கல்லால் எடுங்கள்.
இன்னொன்று. புதிய ஹோல்டர்களில் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி அனுப்புவார்கள். தண்டில் அந்த எண்ணெய் இருந்தால் கொலட் பிடி விடும், வெட்டும்போது டூல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். தண்டையும் கொலட்டின் உட்பக்கத்தையும் தின்னரால் துடைத்துக் காயவிடுங்கள். வேலை முடிந்து பெட்டியில் வைக்கும்போது திரும்ப மெல்லிசாகப் பூசுங்கள், எங்கள் உப்புக்காற்றுக்கு ஒரு மாரியில் துரு ஏறிவிடும்.

ரொரன்டோ_கராஜ் (1.52)
நூலளவு சொல்வது முற்றிலும் சரி. நானும் இதில் ஒரு மாதம் அலைந்தேன்.

இணுவில்_மில் (வியாழன், இரவு 8.30)
150 ஆர்பிஎம், 9.5 இல் நிறுத்தி, ஜி4 நாலு செக்கன். 5.1 துளை. ஆறு தட்டு முடிந்தது, ஒன்றும் உடையவில்லை. ஹோல்டர் அடியில் கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்குவது கண்ணுக்கே தெரிகிறது. கொலட்டைச் சுன்னாகத்தில் அரைக்கக் கொடுக்க நினைக்கிறேன், இப்போதைக்கு ஒவ்வொரு முறையும் உயரம் தொட்டு எடுக்கிறேன். மூன்று தட்டில் உடைந்த டப் இன்னும் உள்ளே. எடுக்க வழி உண்டா? எல்லாருக்கும் நன்றி, வேலைக்குப் போகிறேன்.

பழைய_லேத் (9.10)
உண்டு. படிகாரம் வாங்குங்கோ, நாட்டு மருந்துக் கடையில் இருக்கும். வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, தட்டை முழுவதும் அமிழ விட்டு, கொதிநிலைக்குக் கிட்டச் சூடாக வைத்திருங்கோ. அது உருக்கை மெல்ல மெல்லத் தின்னும், அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. டப்பில் இருந்து சின்னச் சின்னக் குமிழி வரும், அதுதான் அடையாளம். சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் நல்லது, இரும்புச் சட்டி வேண்டாம், அதையும் தின்னும். கதவு யன்னல் திறந்த இடத்தில் வையுங்கோ. ஹைஸ்பீட் உருக்கு டப் என்றால் பல மணி நேரம் எடுக்கும், பொறுமை வேணும். தண்ணீர் வற்ற வற்ற விட்டுக்கொண்டே இருங்கோ.

கோண்டாவில்_பட்டறை (9.18)
இதில் நான் பழைய லேத் அண்ணையோடு ஒத்துப்போகிறேன். பித்தளையில் உடைந்ததையும் இப்படித்தான் எடுப்போம்.

அறிவியல்நகர்_மாணவன் (ஞாயிறு, காலை 10.02)
இணுவில் அண்ணை, 24 உம் முடிந்ததா? கொலட் அரைத்த பிறகு ஃபீலர் கேஜ் எவ்வளவு காட்டியது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். எங்கள் ஆய்வுகூட மில்லிலும் அதே செட்தான், நாளைக்கு அளக்கப் போகிறேன்.