எல்லா நீளத்துக்கும் 9.80

ஊசல்:
முதலாண்டு இயற்பியலில் தனிஊசல் சோதனையைத் தாண்டி வராதவர் இருக்க மாட்டார். நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். 9.8 வரவேண்டும் என்பது ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே எல்லோருக்கும் தெரியும். தொல்லையே அதுதான்.

எனக்கும் என் கூட்டாளிக்கும் 30 சென்டிமீட்டர் நூலுக்கு 9.4 வந்தது. நூலை நீட்ட நீட்ட விடையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு மீட்டருக்கு 9.7 வரை போய் நின்றுவிட்டது. மறுநாள் காலை ரெக்கார்டு நோட்டைக் கொடுக்க வேண்டும். இரவோடு இரவாக, 9.80 என்ற விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஆறு நீளங்களுக்கும் நேரத்தை நாங்களே உட்கார்ந்த இடத்தில் ‘அளந்து’ முடித்தோம். அட்டவணை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது.

பேராசிரியர் திட்டவில்லை. “உங்கள் கட்டைவிரல் அவ்வளவு துல்லியமா?” என்று மட்டும் கேட்டார். நிறுத்துக் கடிகாரத்தைக் கையால் அழுத்தும்போது 0.2 விநாடி முன்பின் ஆவது சாதாரணம். 30 சென்டிமீட்டர் ஊசல் 20 முறை ஆட ஏறத்தாழ 22 விநாடி ஆகும். அதில் 0.2 பிசகினால் நேரத்தில் 1 சதவீதப் பிழை. சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால் விடையில் 2 சதவீதம். உண்மையாகவே அளந்தவனுக்கு 9.6 வரலாம், 10 கூட வரலாம். ஆறு முறையும் 9.80 மட்டும் வராது. பழைய அளவுகளைக் கொண்டுவந்து வரைபடம் போடச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, ரஃப் நோட்டை நாங்கள் தூக்கிப் போட்டிருக்கவில்லை.

இப்படி விடையைப் பார்த்துக்கொண்டு வேலையைத் தயாரித்தவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா? எந்தப் பாடமானாலும் சரி.

பற்றுவரவு:
வணிகவியலில் அதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறோமே, அனாமத்துக் கணக்கு! எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வில் இரண்டும் சேராவிட்டால், பிழை கிடைக்கும்வரை வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் வைக்கலாம். நான் அதை நிரந்தரக் குடியிருப்பாகவே ஆக்கிவிட்டேன்.

ஒரு முறை 2,700 உதைத்தது. நள்ளிரவு தாண்டியும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் கூட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் இருந்த மூன்றாமாண்டு அக்கா என் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. “ஒன்பதால் வகுபடுகிறதா பார்” என்றார். வகுபட்டது. “அப்படியானால் எங்கேயோ இலக்கங்களை மாற்றிப் போட்டிருக்கிறாய். தேடு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது: 6,300 இருக்க வேண்டிய இடத்தில் 3,600.

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். 63-க்கும் 36-க்கும் 27. 81-க்கும் 18-க்கும் 63. அந்த வழியில் அகப்படாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருப்போம். இதைப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டிருந்தால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

கதை அதோடு முடியவில்லை. இரு பக்கமும் சேர்ந்த பூரிப்பில் இரட்டைக் கோடு போட்டுக் கொடுத்தேன். சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஒரு கடன் கொள்முதலைக் குறிப்பேட்டில் ஏற்றவே இல்லை. பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை; ஆகவே இருப்பாய்வு வாயே திறக்கவில்லை.

வேர்நுனி:
என்னுடையது தாவரவியல். வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதைப் பார்த்து வரைந்து வரவேண்டும். நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் வட்ட வட்டமான உட்கருக்கள், ஒன்றுமே நடக்காததுபோல. சலித்துப்போய்ப் புத்தகத்தைத் திறந்து நான்கு நிலைகளையும் அழகாக வரைந்து வண்ணமும் தீட்டிவிட்டேன். அம்மையார் படத்தைப் பார்த்தார். “இந்த மூன்றாவது செல்லை உன் ஸ்லைடில் காட்டு” என்றார். அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை.

பிறகுதான் விளக்கினார். செல் தன் காலத்தில் பெரும்பகுதியைப் பிரியாமல்தான் கழிக்கிறது. அதனால்தான் ஸ்லைடு முழுக்க ‘ஒன்றும் நடக்காத’ செல்கள். எந்த நிலையில் எத்தனை செல்கள் என்று எண்ணினாலே, எந்த நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை ஓரளவு கணித்துவிடலாம். நான் சலித்துக்கொண்டு ஒதுக்கியதுதான் ஒப்படைப்பே! திரும்ப 200 செல்களை எண்ணினேன். கழுத்து வலி இரண்டு நாள் இருந்தது.

நள்ளிரவு நிரல்:
சிறிய கதை. பூஜ்யத்தில் தொடங்கி 0.1-ஆகக் கூட்டிக்கொண்டே போய், 1 ஆனதும் நிற்க வேண்டிய நிரல். திரையில் வால் வாலாகத் தசமங்கள் வந்தன. ஆசிரியர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று, இரண்டு தசமம் மட்டும் அச்சிடும்படி மாற்றினேன். 0.80, 0.90, 1.00 என்று வந்தது. பிறகு 1.10, 1.20 என்று நிற்காமல் ஓடியது. 1.00 என்று தானே எழுதிக் காட்டிவிட்டு அதைத் தாண்டிப் போகும் கணினியோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன்.

கணினி உள்ளே பயன்படுத்தும், 0-வும் 1-உம் மட்டுமே கொண்ட இரும எண்ணில் 0.1-ஐ மிச்சமில்லாமல் எழுத முடியாது. பத்து முறை கூட்டினால் உள்ளே இருப்பது 0.9999999999999999, அது 1 அல்ல. நான் அசிங்கம் என்று மறைத்த வாலில்தான் காரணம் முழுவதும் இருந்தது.

இரவல் அடிக்குறிப்பு:
வரலாற்றில் இந்தத் திருட்டு இன்னும் எளிது. மூல ஆவணத்தைப் பார்க்காமல், அதை மேற்கோள் காட்டிய ஒரு நூலிலிருந்து வரியையும் பக்க எண்ணையும் எடுத்து, நேரில் படித்தவன்போல அடிக்குறிப்பு போட்டேன். அந்த நூலாசிரியர் பக்க எண்ணைத் தவறாகக் கொடுத்திருக்கிறார். அவருடைய பிழையும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

நேர்மாறான கதை ஒன்றும் உண்டு, இது என்னுடையதல்ல. அமெரிக்காவில், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி வாட்சன் என்ற மாணவர் 1982-இல் ஒரு கட்டுரை எழுதினார். நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வரவேண்டும் என்று 1789-இல் முன்மொழியப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் காலக்கெடு எதுவும் வைக்கப்படவில்லை. ஆகவே மாநிலங்கள் இப்போதும் அதை ஏற்கலாம் என்பது அவர் வாதம். கிடைத்தது ‘சி’ தரம். மனிதர் சும்மா இருக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1992-இல் அது 27-ஆவது திருத்தமாக நிறைவேறியது. தரத்தை ‘ஏ’ என்று திருத்த மட்டும் 2017 வரை ஆயிற்று.

பற்றுவரவு:
என் மதிப்பெண்ணுக்கும் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன்! அது இருக்கட்டும், ஊசல் அண்ணா, அந்த 9.4 எப்படி வந்தது? சொல்லாமலே போய்விட்டீர்களே.

ஊசல்:
மன்னிக்கவும். நீளத்தைக் கிடையச்சிலும் நேரத்தின் இருமடியைச் செங்குத்து அச்சிலும் வைத்து, பழைய அளவுகளைக் குறித்தோம். புள்ளிகள் நேர்கோட்டில்தான் நின்றன. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டியது, போகவில்லை. பின்னால் நீட்டியபோது நீள அச்சைப் பூஜ்யத்துக்கு இடப்புறம், 1 சென்டிமீட்டருக்குச் சற்றுத் தள்ளி வெட்டியது. ஊசலின் நீளம் என்பது குண்டின் மையம் வரை. நாங்களோ நூலை மட்டும் அளந்திருந்தோம். கூட்டாளி வெர்னியரை வாங்கிவந்து கொக்கியையும் குண்டின் ஆரத்தையும் அளந்தான். 1.3 சென்டிமீட்டர். குட்டை நூலில் அது பெரிய குறை, நீண்ட நூலில் சிறியது. விடை ஏறிக்கொண்டே போனதன் காரணம் அதுதான். கோட்டின் சாய்வை மட்டும் இந்தக் குறை தொடுவதில்லை. சாய்விலிருந்து போட்டபோது 9.78 வந்தது.

10-க்கு 6 கிடைத்தது. தாமதத்துக்கு 4 போயிற்று.