ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல வரி சேர்த்தும் இணைப்பு பிளாக் ஆகல, உதவி தேவை

மழைத்தும்பி:
வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்ல ஒரு பழைய பிடிஎஃப் மென்பொருள் வச்சிருக்கேன். பக்கம் பிரிக்க, சேர்க்க, பக்க எண் போட எல்லாத்துக்கும் அதுதான் கைக்குப் பழகியிருக்கு, மாத்த மனசில்ல. ஆனா திறந்ததும் மூலையில ஒரு விளம்பரச் சாளரம் எழும்புது. நடுவுல வேலை செய்யும்போதும் வந்து டைப் பண்றதைக் கெடுக்குது.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (எந்தத் தளப் பெயருக்கு எந்த ஐபி எண்ணுன்னு கம்ப்யூட்டர்லயே இருக்கிற பட்டியல்) வரி சேர்த்தா தடுக்கலாம்னு கேள்விப்பட்டு, சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி ஃபோல்டர் வரை போனேன். அங்கேயே சேவ் பண்ண அனுமதி இல்லைன்னு வந்துச்சு. அதனால டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி அந்த ஃபோல்டருக்குள்ள இழுத்துப் போட்டேன். நான் சேர்த்த வரி இது (இங்க தமிழ் எழுத்துல போடுறேன், பெயரும் மாத்தியிருக்கேன். ஃபைல்ல ஆங்கில எழுத்துதான்):

127.0.0.1 எச்டிடிபிஎஸ்://ஆட்ஸ்.எக்ஸாம்பிள்.காம்/பேனர்

ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, விளம்பரம் அப்படியேதான் வருது. என்எஸ்லுக்அப் (ஒரு பெயரோட ஐபியைத் தேடிக் காட்டுற கட்டளை) போட்டுப் பார்த்தா உண்மையான ஐபிதான் காட்டுது. விண்டோஸ் 11ல ஹோஸ்ட்ஸ் ஃபைலே வேலை செய்யாதுன்னு ஒருத்தர் சொல்றார். நிஜமா?

கறுப்புத்திரை:
இல்லைங்க, விண்டோஸ் 11லயும் நல்லாவே வேலை செய்யுது.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இழுத்துப் போட்டப்போ "இதே பெயர்ல ஏற்கெனவே ஃபைல் இருக்கு, மாத்தவா"ன்னு கேட்டுச்சா? கேட்கலைன்னா உங்க ஃபைலோட பெயர் வேற. நோட்பேட் புதுசா சேவ் பண்ணும்போது கடைசியில டிஎக்ஸ்டி எக்ஸ்டென்ஷனை ஒட்டிடும். எக்ஸ்ப்ளோரர் அதை மறைச்சு வெறும் "ஹோஸ்ட்ஸ்"னு காட்டும். வியூ மெனுவுல ஷோ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் பண்ணிப் பாருங்க. விண்டோஸ் படிக்கிறது எக்ஸ்டென்ஷனே இல்லாத ஃபைலை மட்டும்தான்.

அடுத்தது அந்த வரி. ஹோஸ்ட்ஸ்ல ஐபியும் பெயரும் மட்டும்தான் எழுதணும். எச்டிடிபிஎஸ், இரட்டைச் சாய்கோடு, பின்னால வர்ற பேனர் எதுவும் கூடாது. போர்ட் எண்ணும் கூடாது. ஒரு தளத்தோட ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கவும் இதுல வழி கிடையாது.

என்எஸ்லுக்அப் வச்சு சோதிக்காதீங்க. அது ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காம நேரா டிஎன்எஸ் சர்வர்கிட்ட (தளப் பெயருக்கு ஐபி எண்ணைச் சொல்ற சர்வர்) போய்க் கேட்கும். பெயர் தடுக்கப்பட்டிருந்தாலும் உண்மையான ஐபியைத்தான் காட்டும். பிங் (ஒரு முகவரி பதில் சொல்லுதான்னு பார்க்கிற கட்டளை) போட்டுப் பாருங்க, அது மத்த புரோகிராம் மாதிரியே விண்டோஸ் வழியா கேட்கும்.

சேவ் பண்றதுக்கு: ஸ்டார்ட்ல நோட்பேட்னு தேடி, ரைட் கிளிக் பண்ணி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்க. உள்ளே போனப்புறம் ஃபைல், ஓப்பன் வழியா அந்த ஃபோல்டருக்குப் போங்க. முதல்ல காலியா தெரியும். கீழே வலது பக்கம் டெக்ஸ்ட் ஃபைல்னு இருக்கிறதை ஆல் ஃபைல்ஸ்னு மாத்தினா ஹோஸ்ட்ஸ் கண்ணுல படும். அதையே திறந்து, திருத்தி, சாதாரணமா சேவ் கொடுத்தா பெயர் மாறாது. கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வேற ஃபோல்டர்ல வச்சுக்குங்க.

மழைத்தும்பி:
நீங்க சொன்னதேதான். மாத்தவான்னு கேட்கவே இல்ல. எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்னதும் ரெண்டு ஃபைல் பக்கத்துல பக்கத்துல இருக்கு. டிஎக்ஸ்டி-யை அழிச்சுட்டு, அசல் ஃபைல்ல வரியைச் சுத்தமா எழுதி சேவ் பண்ணினேன். இப்போ பிங் போட்டா சதுர அடைப்புக்குள்ள 127.0.0.1 காட்டுது. நன்றி!

ஆனா விளம்பரச் சாளரம் இன்னும் வருது. முன்ன உடனே படம் வரும், இப்போ கொஞ்ச நேரம் வெள்ளையா நின்னுட்டு அப்புறம் வேற ஒரு விளம்பரம் வருது.

இரவுப்பறவை:
நல்ல அறிகுறிங்க. வெள்ளையா நிக்கிறதுன்னா முதல் முகவரி கிடைக்காம அது ரெண்டாவது முகவரிக்குப் போகுதுன்னு அர்த்தம்.

127.0.0.1க்குப் பதிலா 0.0.0.0 போடுங்க. 127.0.0.1ங்கறது உங்க கம்ப்யூட்டரேதான். புரோகிராம் உங்க கம்ப்யூட்டரோட கதவையே தட்டும், அங்க பதில் சொல்ல யாரும் இல்லைன்னாலும் விண்டோஸ் சில தடவை திரும்பத் தட்டிப் பார்த்துட்டுத்தான் விடும். உங்ககிட்ட லோக்கல் வெப் சர்வர் ஏதாவது ஓடினா, கோரிக்கை அதுகிட்டப் போய்ச் சேரும். 0.0.0.0 ஒரு சேருமிடமே கிடையாது, விண்டோஸ் உடனே மறுத்துடும். மாத்தினப்புறம் பிங் போட்டா "ஜெனரல் ஃபெயிலியர்"னு வரும், பயப்படாதீங்க, அதுதான் வரணும். ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) இணைப்பு இருந்தா அதே பெயருக்கு இரட்டை முக்காற்புள்ளி (::) போட்டு இன்னொரு வரியும் சேர்த்துடுங்க.

பொதுவா சேவ் பண்ணினதுமே விண்டோஸ் புது வரியை எடுத்துக்கும், ரீஸ்டார்ட் தேவையில்ல. சந்தேகமா இருந்தா கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுங்க, விண்டோஸ் நினைவுல வச்சிருக்கிற பழைய பெயர்-ஐபி விவரம் அழிஞ்சுடும். ஆனா அந்த பிடிஎஃப் மென்பொருளை முழுசா மூடித் திறக்கணும். ஏற்கெனவே திறந்திருக்கிற இணைப்பை ஹோஸ்ட்ஸ் அறுக்காது.

இனி ரெண்டாவது முகவரியைக் கண்டுபிடிக்கணும். முதல்ல ஃப்ளஷ் பண்ணுங்க. பிரௌசர் எல்லாத்தையும் மூடுங்க. பிடிஎஃப் மென்பொருளை மட்டும் திறந்து, விளம்பரம் வந்ததும் அதே ஐபிகான்ஃபிக்ல ஃப்ளஷ்டிஎன்எஸ்-க்குப் பதிலா டிஸ்ப்ளேடிஎன்எஸ் கொடுங்க. கம்ப்யூட்டர் சமீபத்துல தேடின பெயரெல்லாம் வரும். ஹோஸ்ட்ஸ்ல நீங்க எழுதினதும் அதுலயே வரும், குழம்ப வேண்டாம். கூடவே விண்டோஸ்லயே இருக்கிற ரிசோர்ஸ் மானிட்டர்ல நெட்வொர்க் டேப் போய், அந்த மென்பொருளை மட்டும் டிக் பண்ணினா எந்தெந்த முகவரியோட பேசுதுன்னு நேரடியா தெரியும்.

செவ்வானம்:
இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். ஒவ்வொரு பெயரா தேடுறதுக்கு, நட்சத்திரக் குறி போட்டு எக்ஸாம்பிள்.காம் முழுசையும் ஒரே வரியில அடைக்க முடியாதா? இல்லைன்னா விளம்பர முகவரியெல்லாம் சேர்த்து ரெடிமேடா கிடைக்கிற பெரிய பட்டியலை அப்படியே ஒட்டிடலாமே?

நூல்கண்டு:
நட்சத்திரக் குறி இதில் செல்லாது. இந்த ஃபைல் டிஎன்எஸ்-ஐவிடப் பழையது. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஃபைலில் இருந்தன. எஸ்ஆர்ஐ ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் அங்கிருந்து நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. அதற்காகத்தான் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்-ஐ வடிவமைத்தார். ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் என்ற படிநிலை அப்போது வந்ததுதான். ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு அந்தப் படிநிலை தெரியாது. எழுத்துக்கு எழுத்து பொருந்தும் பெயர் இருந்தால் எண்ணைத் தரும், இல்லாவிட்டால் டிஎன்எஸ்-க்கு விட்டுவிடும். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருந்தால் ஒரு வரி, இல்லாவிட்டால் இன்னொரு வரி எழுதியே ஆகவேண்டும்.

பெரிய பட்டியலை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயிரக்கணக்கான வரிகள் சேரும்போது விண்டோஸின் டிஎன்எஸ் கிளையன்ட் (பெயர்களைத் தேடித் தரும் பகுதி) திணறி, பெயர் தேடுவதே மந்தமாகலாம். அதைவிடப் பெரிய தொல்லை, நாளைக்கு ஏதோ ஒரு தளத்தில் லாகின் ஆகாது, ஏதோ ஒரு பணப் பரிமாற்றப் பக்கம் பாதியில் நிற்கும். எந்த வரியால் என்று தேடி எடுக்க முடியாது. தானே எழுதிய பத்து வரிகளுக்குத் தானே பொறுப்பு. யாரோ எழுதிய ஆயிரம் வரிகளுக்கு அப்படி இருக்க முடியாது. பிரௌசரில் வரும் விளம்பரங்களுக்கென்றால் பிரௌசரிலேயே தடுப்பான் போடுவதுதான் சரி.

மழைத்தும்பி:
டிஸ்ப்ளேடிஎன்எஸ்ல இன்னொரு பெயர் கிடைச்சுது, அதையும் 0.0.0.0க்கு விட்டேன். ரிசோர்ஸ் மானிட்டர்ல பார்த்தா அந்த ரெண்டும் இல்ல. ஆனா பெயரே இல்லாம வெறும் எண்ணா ஒரு ஐபி நிக்குது, விளம்பரமும் வருது. அந்த ஐபியை ஹோஸ்ட்ஸ்ல எப்படி எழுதறது?

கறுப்புத்திரை:
எழுத முடியாதுங்க. ஹோஸ்ட்ஸ் உங்க போன்ல இருக்கிற கான்டாக்ட் லிஸ்ட் மாதிரி. லிஸ்ட்ல நம்பரை மாத்தி வச்சா, பெயரைத் தேடி கூப்பிடுறவங்க தப்பான இடத்துக்குப் போவாங்க. நம்பரை மனப்பாடமா வச்சு டயல் பண்றவங்களை அது தடுக்காது. அந்த ஐபி மென்பொருளுக்குள்ளேயே எழுதியிருக்கலாம், இல்லைன்னா அது தனியா வேற வழியில பெயரைத் தேடியிருக்கலாம். ரெண்டுலயும் ஹோஸ்ட்ஸ் ஒண்ணும் செய்யாது.

அதனால "பிளாக் ஆகல"ன்னு தோணும்போதெல்லாம் ரெண்டு கேள்வியைத் தனித்தனியா கேளுங்க. என் வரியை விண்டோஸ் படிச்சுதா? அதுக்கு பிங் பதில் சொல்லும். அந்தப் புரோகிராம் இதே பெயரைத்தான் கேட்டுதா? அதுக்கு ரிசோர்ஸ் மானிட்டர் பதில் சொல்லும். உங்களுக்கு முதல் கேள்வி தீர்ந்தாச்சு, ரெண்டாவதுலதான் நிக்கிறோம்.

இங்க ஃபயர்வால்தான் தேவை. அந்த பிடிஎஃப் மென்பொருளுக்கு நெட் எதுக்காவது வேணுமா? ஃபைலெல்லாம் கம்ப்யூட்டர்லயேதான் இருக்கா?

மழைத்தும்பி:
எல்லாம் கம்ப்யூட்டர்லயேதான். நெட் எதுக்கும் வேண்டாம்.

கறுப்புத்திரை:
அப்போ ரொம்ப சுலபம். விண்டோஸ் ஃபயர்வால் உள்ளே வர்ற இணைப்பைத்தான் வழக்கமா வடிகட்டும், வெளியே போறதை விட்டுடும். நாம ஒரு விதி போட்டா வெளியே போறதையும் நிறுத்தும். ஸ்டார்ட்ல விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டின்னு தேடித் திறங்க. இடது பக்கம் அவுட்பவுண்ட் ரூல்ஸ், வலது பக்கம் நியூ ரூல். புரோகிராம்னு தேர்வு செஞ்சு, மென்பொருளோட இஎக்ஸ்இ ஃபைலை (அதை ஓட்டுற ஃபைல்) காட்டுங்க. பிளாக் தி கனெக்ஷன் கொடுங்க. டொமைன், பிரைவேட், பப்ளிக் மூணும் டிக்ல இருக்கட்டும். பெயரை நாளைக்கு உங்களுக்கே புரியற மாதிரி வைங்க.

ஒண்ணு கவனிங்க. விளம்பரத்தைக் காட்டுறதுக்குன்னு தனி இஎக்ஸ்இ அதே ஃபோல்டர்ல இருக்கலாம். ரிசோர்ஸ் மானிட்டர்ல எந்தப் பெயர் அந்த ஐபியோட பேசுதோ, அதுக்குத்தான் விதி போடணும். ஐபியை மட்டும் தடுக்கிற விதியும் போடலாம், ஆனா ஒரே ஐபி பின்னால நிறைய தளங்கள் இருக்கும், சம்பந்தமே இல்லாத தளமும் சேர்ந்து நின்னுடும். புரோகிராமைத் தடுக்கிறதே மேல்.

செவ்வானம்:
என்கிட்ட இன்னொரு சிக்கல். விண்டோஸ் தகவல் அனுப்புறதைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் முகவரிகளை ஹோஸ்ட்ஸ்ல போட்டேன். விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் சிவப்பா எச்சரிக்கை கொடுத்து எல்லா வரியையும் அழிச்சுடுச்சு. வைரஸா?

இரவுப்பறவை:
எச்சரிக்கையில "ஹோஸ்ட்ஸ்ஃபைல்ஹைஜாக்"னு பெயர் இருக்கும், பாருங்க. 2020 நடுவுலேர்ந்து டிஃபெண்டர் இதைப் பிடிக்குது. அந்த வரிகளை நீங்களே எழுதியிருந்தா வைரஸ்னு அர்த்தம் இல்ல. ஆனா வைரஸ்களும் இதே வேலையைச் செய்யும். அப்டேட் வராம, ஆன்டிவைரஸ் தளம் திறக்காம பண்றதுக்கு ஹோஸ்ட்ஸ்லதான் முதல்ல கை வைக்கும். அதனால அந்தக் காவல் இருக்கிறது எனக்குச் சரியாவே படுது. அனுமதி கொடுத்து அதை மீறலாம், ஆனா வேண்டாம்னுதான் சொல்வேன். அப்படி அனுமதிச்சா நாளைக்கு வேற யாரோ எழுதின வரியும் சத்தமில்லாம தங்கிடும். செட்டிங்ஸ்ல பிரைவசி பக்கம் போய் டயக்னாஸ்டிக் தகவலைக் குறைச்சுக்குங்க. அப்டேட் முகவரிகளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தடுக்காதீங்க.

நீங்க எழுதாத வரி இருந்தா கதை வேற. முழு ஸ்கேன் ஓட்டுங்க. ஃபைலைக் கடைசி வரை உருட்டியும் பாருங்க, நடுவுல நிறைய காலி வரி விட்டு, அடியில எழுதி வைக்கிற தந்திரம் உண்டு.

மழைத்தும்பி:
சரியாகிடுச்சு! கறுப்புத்திரை சொன்னபடி பார்த்தேன், பேசுனது பிரதான மென்பொருள் இல்ல, அதே ஃபோல்டர்ல "ஹெல்ப்பர்"னு ஒரு சின்ன இஎக்ஸ்இ. அதுக்கும் பிரதானத்துக்கும் சேர்த்து ரெண்டு விதி போட்டேன். விளம்பரச் சாளரமே எழும்பல, பிடிஎஃப் வேலை பழையபடி ஓடுது. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியா ரெண்டு சந்தேகம். இந்த ஹோஸ்ட்ஸ் வரிகளை இனி எடுத்துடலாமா? இதே வைஃபைல இருக்கிற மொபைலுக்கும் இது பொருந்துமா?

நூல்கண்டு:
மொபைலுக்குப் பொருந்தாது. ஹோஸ்ட்ஸ் அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான். எல்லாச் சாதனத்துக்கும் வேண்டுமென்றால் ரவுட்டரில் வடிகட்டும் டிஎன்எஸ் வைக்க வேண்டும். அதே கணினியிலும் பிரௌசர் ஒரு புராக்சி (நமக்காக இணையத்துடன் பேசும் இடைச் சர்வர்) வழியாகப் போனால், பெயரைத் தேடுவது அந்தப் புராக்சி. உங்கள் ஹோஸ்ட்ஸைக் கேட்கவே கேட்காது.

வரிகளை அழிக்க வேண்டாம். வரியின் தொடக்கத்தில் ஒரு # போட்டால் போதும், விண்டோஸ் அதைத் தாண்டிப் போய்விடும். திரும்ப வேண்டுமானால் குறியை எடுத்தால் சரி. அடிக்கடி மாற்றுவதாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் ஹோஸ்ட்ஸ் ஃபைல் எடிட்டர் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சுவிட்ச் தரும், டிஎக்ஸ்டி குழப்பமும் வராது.