தண்டனைப் பொருளியல்: 'தடுப்பு' வேண்டாம், 'தயக்கமூட்டல்'

> 'தடுப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியுமே.

வணக்கம் ஐயா. ஆங்கிலத்தின் deterrence-க்கு 'தடுப்பு' என்றால் புரியும், ஆனால் எதைச் சொல்கிறோம் என்பது கலங்கிவிடும். பூட்டும் திருட்டைத் தடுக்கிறது. திருடியவனைச் சிறையில் அடைத்தால் உள்ளே இருக்கும்வரை அவனால் வெளியே திருட முடியாது. இதை 'முடக்கம்' எனலாம். நமக்குச் சொல் வேண்டியது மூன்றாவதற்கு: கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு, கை வைக்குமுன்பே ஒருவன் விலகிக்கொள்வது.

'அச்சுறுத்தல்' இன்னும் மோசம். அது கடுமையை மட்டும் காட்டுகிறது. பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1968இல் பிடிபடும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் தனித்தனியே வைத்தார். நூற்றில் பத்துப் பேர் பிடிபட்டு 10 மாதம், நூற்றில் இரண்டு பேர் பிடிபட்டு 50 மாதம்: இரண்டிலும் ஒரு திருட்டுக்குச் சராசரியாக எதிர்பார்க்கும் தண்டனை ஒரு மாதம்தான். நடப்பில் இரண்டும் சமமாவதில்லை. ஐந்தாம் ஆண்டுச் சிறை இன்றைய திருடனுக்குத் தொலைவில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்பவரும் கடுமை கண்டு பின்வாங்குவார். இங்கிலாந்தில் 1699 சட்டப்படி, கடையில் 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளை மறைவாகத் திருடினால் தூக்குத் தண்டனை வரை போகலாம். ஜூரிகள் என்ன செய்தார்கள்? பொருளின் மதிப்பையே 4 ஷில்லிங் 10 பென்ஸ் என்று குறைத்துவிட்டார்கள்.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் ஐரிஸ் இதற்கு மறுபக்கம். 1994 ஜூலையில் அங்கே யூத மையம் ஒன்றில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் யூத நிறுவனங்களுக்கு முழுநேரக் காவல் போடப்பட்டது. தண்டனையில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. ஆனாலும் அந்தத் தெருத் துண்டுகளில் கார்த் திருட்டு ஏறக்குறைய 75 விழுக்காடு குறைந்தது என்று பொருளியலறிஞர்கள் தி டெல்லாவும் ஷார்க்ரோட்ஸ்கியும் கணக்கிட்டார்கள். ஓரிரு தெரு தள்ளி மாற்றமே இல்லை.

ஆகவே 'தயக்கமூட்டல்'. சட்டம் செய்வது தயக்கமூட்டல், ஆள் கொள்வது தயக்கம். 'தயக்கமூட்டு விளைவு' என்று எளிதாக நீள்கிறது. பாடநூல்களின் 'இறுதிநிலைப் பயன்பாடு' (marginal utility, கூடுதலாக ஓர் அலகு தரும் பயன்) போல 'இறுதிநிலைத் தயக்கமூட்டல்' என்றும் சொல்லலாம்: கொள்ளைக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால், கொள்ளையன் சாட்சியை விட்டுவைக்க வேண்டிய காரணம் போய்விடும், அந்தக் கூடுதல் படியைத்தான் இது குறிக்கிறது.

தயக்கம் மெல்லிய சொல், நிலைக்காது என்று ஒரு மறுப்பு வரலாம். அந்த மென்மை பொருளுக்குப் பொருந்துவதே. காவலர் விலகினால் கணக்கும் மாறும்.

வாக்கியத்தில் சோதித்துப் பார்ப்போம்: "இத்தாலியில் 2006 பொது மன்னிப்பில் வெளிவந்தவர் ஐந்தாண்டுக்குள் மீண்டும் பெருங்குற்றம் செய்தால், கழிக்காத மீதிக் காலமும் புதிய தண்டனையோடு சேரும். அவர் வெளியே இருப்பதால் முடக்கம் இல்லை. மீதிக் காலம் நீண்டவர் குறைவாகவே திரும்பவும் குற்றம் செய்தார் என்றால் அது தயக்கமூட்டு விளைவு." இங்கே முடக்கத்தையும் தயக்கமூட்டலையும் 'தடுப்பு' என்றே போட்டால், இரண்டாம் வாக்கியமும் மூன்றாம் வாக்கியமும் மோதிக்கொள்ளும்.