வேப்பெண்ணெய் கலந்தும் பச்சைப்பயறில் வண்டு ஊருது, எங்கே தப்பு?

தோட்டக்காரி, புதுக்கோட்டை:
தை கடைசியில் எடுத்த பச்சைப்பயறு 20 கிலோ. 5 கிலோ விதைக்கு, மீதி சாப்பாட்டுக்கு. ரெண்டு நாள் வெயிலில் காயவைத்து, 50 மில்லி வேப்பெண்ணெய் கலந்து சாக்கில் கட்டி வெச்சேன். பிள்ளைங்க படுக்கிற அறை, அதனால் வண்டைக் கொல்லுற புகை மருந்து மாத்திரை வைக்கப் பயம். 18 நாள் கழித்து அவிழ்த்தா வண்டு ஊருது. பயறில் வெள்ளைப் புள்ளியும் வட்ட ஓட்டையும். எண்ணெய் கலப்படமா இருக்குமோ?

கரிசல்காடு:
மாத்திரை வைக்காதது ரொம்ப நல்லது அக்கா. அந்தப் புகை ஆளையே கொல்லும், ஆள் புழங்குற வீட்டுக்குள்ள வைக்கவே கூடாது. எண்ணெய் எப்படிக் கலந்தீங்க? புள்ளி கண்ணாடி மாதிரி மினுக்குதா, பால் வெள்ளையா?

தோட்டக்காரி:
குவியல் மேலே தெளிச்சு ரெண்டு புரட்டு புரட்டினேன் தம்பி. புள்ளி பால் வெள்ளைதான்.

கரிசல்காடு:
அப்போ கலப்படம்னு சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புள்ளி வண்டோட முட்டை. மினுக்கினா இன்னும் பொரியலை. பால் வெள்ளையா இருந்தா, புழு பயறைத் துளைச்சு உள்ளே போயாச்சு. துளைச்ச மாவு முட்டைக்கூட்டில் அடைஞ்சுதான் அந்த வெள்ளை. காட்டில் காய் முத்துறப்பவே வண்டு முட்டை வெச்சிடும். நம்ம வெயிலுக்கு முட்டையிலிருந்து வண்டு வர ஏறக்குறைய ஒரு மாசம், காட்டில் இருந்த நாளையும் காயவெச்ச நாளையும் சேர்த்தா உங்க 18 நாள் கணக்கும் ஒத்துப்போகுது. எண்ணெய் முட்டையை மூச்சுமுட்ட வைக்கும், உள்ளே போன புழுவை அது தொடாது.

அளவும் குறைச்சல். கிலோவுக்கு 5 மில்லியாவது வேணும், நீங்க போட்டது அதில் பாதி. தெளிச்சா எல்லா மணியிலும் படியாது. முதலில் ஒரு கிலோவை அண்டாவில் எண்ணெய் விட்டுக் கையால் அழுத்தித் தேய்ங்க, மணி பளபளன்னு ஆனதும் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துப் புரட்டுங்க.

இப்போ சலிச்சு வண்டை அப்புறப்படுத்துங்க. சாப்பாட்டுப் பயறை உடைச்சுப் பருப்பாக்கிடுங்க, உடைச்ச பருப்பில் இந்த வண்டு பெருகுறது ரொம்பக் கம்மி. அதுக்கு வேப்பெண்ணெய் கசக்கும், விளக்கெண்ணெய் தடவுங்க. விதையில் ஓட்டை விழுந்ததைப் பொறுக்கிட்டு, காயவெச்சு வேப்பெண்ணெய் தேய்ச்சு, பானையில் போட்டு மேலே மூணு விரல் கனத்துக்குக் காஞ்ச மணல் பரப்புங்க. விதைக்கும் முன் 100 மணியை ஈரத்துணியில் கட்டி முளைப்பு பாருங்க.

மருதம்:
அரிசி வண்டுக்கும் இதே எண்ணெய் போதுமா?

கரிசல்காடு:
அதுக்கு எண்ணெய் இவ்வளவு வேலை செய்யாதுங்க. அந்த வண்டு அரிசியைக் குடைஞ்சு உள்ளே முட்டையிட்டு வாயை அடைச்சிடும், எண்ணெய் போய்ச் சேர வழியில்லை. நல்லாக் காயவெச்சுக் காத்துப் புகாத டின்னில் வைங்க.

தோட்டக்காரி:
இன்னைக்குச் சலிச்சேன் தம்பி, முறத்தில் ஒரு கைப்பிடி வண்டு. விதைப் பயறில் ஒரு கிலோவுக்கு மேல ஓட்டை, மாட்டுக்கு வெச்சிட்டேன். மீதி மொட்டை மாடியில் காயுது.