ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரல் போடலாமா?

அம்மாபேட்டை, சேலம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். மாமனார் வீடு ஏற்காட்டில் இருப்பதால் அடிக்கடி மலைக்குப் போய் வருகிறோம். ஏறுவதில் எந்தச் சிக்கலும் இல்லை, இறங்குவதில்தான் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு.

என் சித்தப்பா பல வருடம் டாக்ஸி ஓட்டியவர். "இறக்கத்துல நியூட்ரல் போட்டுடு, வண்டி தானா உருளும், அடிவாரம் வரைக்கும் பெட்ரோல் மிச்சம்" என்பது அவர் கணக்கு. போன வாரம் அவரே அப்படி ஓட்டி வந்தார். அடிவாரம் செக்போஸ்ட் பக்கம் நிறுத்தியபோது முன் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. கடைசி வளைவுகளில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனதாக அவரே சொன்னார். மறுநாள் காலையில் பெடல் பழையபடி ஆகிவிட்டது.

நியூட்ரலில் நிஜமாகவே பெட்ரோல் மிச்சமாகுமா? இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் கத்துகிறதே, தேய்மானம் வராதா? இப்போது வண்டியை ஒர்க்‌ஷாப்பில் காட்ட வேண்டுமா? வெறுமனே "தப்பு" என்றால் சித்தப்பா கேட்க மாட்டார், காரணம் சொன்னால் கேட்பார்.

கொண்டலாம்பட்டி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். பிரேக்கைக் காட்டாமல் மறுபடி மலை ஏறாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், மறுநாள் சரியாகிவிட்டது என்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போனால் பேட் (சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிமானம் இழந்திருக்கிறது. பெடலே ஆழமாகப் போனால் பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்து லைனில் ஆவி உண்டாகியிருக்கிறது. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். அதனால் கால் கீழே போகும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடலும் திரும்பிவிடும். ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 தர பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஆயிலை முழுவதுமாக மாற்றி, லைனுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றச் (ஏர் எடுக்க) சொல்லுங்கள். பேட்டைக் கழற்றி, மேல்பகுதி கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சூரமங்கலம்

பெட்ரோல் கணக்குக்கு நான் வருகிறேன். சித்தப்பா சொல்வது கார்பரேட்டர் காலத்து அனுபவம். அந்த வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டாலும், வேகமாகச் சுற்றும் இன்ஜின் கார்பரேட்டர் வழியாகப் பெட்ரோலை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நியூட்ரல் போட்டால் சுற்று குறையும், கொஞ்சம் மிச்சமும் ஆகும். அவர் பொய் சொல்லவில்லை.

உங்கள் வண்டியில் இருப்பது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்ஜெக்டர். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் ஓரளவு வேகத்துக்கு மேல் சுற்றும் வரை கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, பெட்ரோல் எதற்கு? நியூட்ரல் போட்ட நிமிடம் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. ஐட்லிங்கில் அணையாமல் இருக்க இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும், மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் மீட்டரில் அந்தந்த நேரத்து மைலேஜ் காட்டும் வசதி இருந்தால் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். கியரில் இறங்கும்போது அது உச்சத்துக்குப் போய் நிற்கும்.

பிரேக் ஏன் வெந்தது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு அதைவிடவும் அதிக இறக்கம். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பகிர வேண்டும். நியூட்ரலில் அது மொத்தமும் பிரேக் தலையில்தான்.

ஓமலூர்

சமமான ரோட்டில், சிக்னலுக்கு முன்னால் நான் நியூட்ரலில் உருட்டுவேன். கியரில் விட்டால் வண்டி சீக்கிரம் வேகம் குறைந்து மறுபடி ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டியிருக்கிறதே? அதுவும் தப்பா?

சூரமங்கலம்

ஓமலூர் நண்பர் கேட்பது நியாயம். லேசான சரிவில் நியூட்ரல் வண்டி அதிக தூரம் போகும், சில இடங்களில் சொட்டு மிச்சமும் ஆகலாம். பிரேக் தொட வேண்டிய அவசியமே இல்லாத இடத்துக்குத்தான் அது பொருந்தும். எங்கே எப்படியும் வேகத்தைக் குறைத்தாக வேண்டுமோ அங்கே கியர்தான் எல்லா வகையிலும் லாபம். தவிர, யாராவது குறுக்கே வந்தால் சட்டென்று வேகம் எடுத்து விலக நியூட்ரலில் முடியாது. நின்றபிறகு நியூட்ரல் போடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

நாகலூர், ஏற்காடு

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மலையில் ஓட்டுகிற எல்லோரும் சொல்வது இதுதான். கோரிமேடு வழி ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் போனபிறகு கியர் மாற்றாதீர்கள், முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். குப்பனூர் வழியாக இறங்கினால் இன்னும் செங்குத்து, சில இடங்களில் முதல் கியரே தேவைப்படும்.

பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது. வேகம் கூடினால் நன்றாக ஒரு முறை பிடித்து, குறைந்ததும் முழுசாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். கிளட்சை அமுக்கிக்கொண்டு இறங்குவதும் நியூட்ரல்தான், அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இன்ஜின் கத்துகிறது என்று பயப்பட வேண்டாம். மீட்டரின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே 3,000, 3,500 சுற்றில் ஓடுவது அதற்குச் சாதாரண வேலை. அதிக வேகத்தில் போகும்போது திடீரென்று முதல் கியரைத் திணிப்பதுதான் கெடுதல். வாடை வந்தால் ஓரங்கட்டி நிறுத்தி ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துபோகலாம். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள், நின்று எடுப்பது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

அம்மாபேட்டை

ரொம்ப நன்றி. ஆயில் மாற்ற நாளைக்கே வண்டியை விடுகிறேன். சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். "தொப்பூர் கணவாயில லாரிக்காரங்க இன்ஜினையே ஆஃப் பண்ணி இறக்குவாங்களே" என்கிறார். இன்னொன்று, மனைவி ஓட்டுவது கிளட்ச் இல்லாமல் கியர் தானாக மாறும் ஏ.எம்.டி. வண்டி. அதில் எப்படி?

கொண்டலாம்பட்டி

தொப்பூரில் இத்தனை விபத்து நடப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பாரத்தோடு பிடிக்க முடியாமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழக வேண்டாம் என்று அவரிடம் என் சார்பில் கேட்டுக்கொள்ளுங்கள். காரில் இன்ஜினை அணைத்தால் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வாக்யூம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குள் இருப்பு தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டியரிங் போகும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் லாக்கே விழும்.

ஏ.எம்.டி.யில் லீவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டி-யில் விட்டால் இறக்கத்தில் அதுவாக மேல் கியருக்குப் போய்விடும். சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டி என்றால் லீவரில் எல் நிலை. எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: ஏற்காட்டிலேயே பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் ரீஜெனுக்கு (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை சார்ஜ் செய்வதற்கு) இடம் இருக்காது, முதல் வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டிவரும்.