வன்னிக் கோர்ட்டில விசில்: என்.பி.ஏ. பாத்த கண்ணும் ஃபிபா விதியும் முட்டுற இடங்கள்

மாங்குளம்_பின்கோடு:
கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பாஸ்கட்போல் போட்டியளில விசில் பிடிக்கிற ஆக்கள், மேசையில இருக்கிற ஆக்கள், உங்களுக்குத் தெரிஞ்சதை இதில எழுதுங்கோ. எங்கட பெடியள் ஃபோனில அமெரிக்க லீக்கான என்.பி.ஏ. பாத்து வளந்தவை. விளையாடுறது உலகக் கூடைப்பந்துச் சங்கமான ஃபிபாவின்ர விதியில. சத்தம் வாறது கனக்க இந்த இடைவெளியிலதான்.

ஒண்டை நான் சொல்லுறன். ஷூட் பண்ணின பந்து வளையத்தில உருண்டுகொண்டிருக்கேக்க உயரமான பெடியன் தட்டி எறிஞ்சா, "கோல்டெண்டிங்!" எண்டு சனம் கத்தும். என்.பி.ஏ.யில அது பிழைதான். வளையத்துக்கு நேர் மேல பந்து நிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. ஃபிபாவில பந்து ஒருக்கா வளையத்தில பட்டா, ரெண்டு பக்கத்தாரும் தொடலாம், விசில் இல்லை. ஆனா வளையத்தைப் பிடிச்சு ஆட்டினா, வலைக்குள்ளால கீழ இருந்து கை விட்டா, அது பிழை. வளையத்துக்கு மேல இறங்கி வாற பந்தைத் தொட்டாலும், போர்ட்டில பட்ட பந்தை வளையத்துக்கு மேல வைச்சுத் தொட்டாலும் பிழை. இந்த விசில் ட்ரெயில் நடுவருக்குரியது, அதாவது ஆட்டத்துக்குப் பின்னால வாறவருக்கு. பந்து பறக்கிற பாதையை அவர்தான் பாக்கவேணும். பின்கோட்டில நிக்கிற லீட் நடுவரும் மேல பாத்தா, கீழ றீபவுண்டுக்கு (விழாமத் திரும்பி வாற பந்துக்கு) நடக்கிற தள்ளுப்பாடு ஒருத்தற்றை கண்ணிலயும் படாது.

வவுனியா_ட்ரெயில்:
ஸ்டெப் பற்றி, அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடுதலாக அடி வைக்கும் ட்ரவலிங் பிழை பற்றி எழுத வேண்டும். 2017 ஒக்டோபரில் ஃபிபா விதி மாறியது. அது இன்னும் பலருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் எடுப்பவருக்கு, எடுக்கும் அந்தக் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் இல்லை. அது பூச்சியம். அடுத்து வைப்பது ஒன்று, அதற்கடுத்தது இரண்டு. மூன்றாவது கால் தரையைத் தொடுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவர் ட்ரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) தொடங்கப் போகிறார் என்றால் கணக்கு வேறு: இரண்டாவது கால் விழுமுன்னரே பந்து கையை விட்டிருக்க வேண்டும். நின்ற இடத்தில் பந்தை வாங்கியவருக்குப் பூச்சியமே கிடையாது. அவருக்கு ஊன்றுகால் விதிதான். ட்ரிபிள் தொடங்குவதென்றால் ஊன்றுகால் கிளம்புமுன் பந்து கையை விடவேண்டும்; ஷூட் பண்ணவோ பாஸ் கொடுக்கவோ என்றால் ஊன்றுகால் கிளம்பலாம், ஆனால் கால் மீண்டும் தரையைத் தொடுமுன் பந்து போயிருக்க வேண்டும். பார்வையாளர் தவறவிடுவது இந்தக் கடைசி விடயத்தை. என்.பி.ஏ. காணொளியில் பார்த்ததை நின்ற இடத்திலிருந்தே செய்துவிட்டு, "எனக்கு ரெண்டு ஸ்டெப் இருக்கு" என்று வாதாடுவார்கள்.

நடுவர் பிழைவிடுவது ஏன்? கண் பந்தில் இருக்கும், காலைப் பிந்தித்தான் பார்ப்பார். இரண்டு கையும் பந்தில் சேருவதையோ, ஒரு கை பந்துக்கு அடியில் தங்குவதையோ கண்டதும் பார்வையை நேரே காலுக்கு இறக்க வேண்டும். எண்ணத் தொடங்கிய கால் எதுவென்று மனதில் நிச்சயமில்லை என்றால் ஊதக்கூடாது. "ஏதோ கூடப்போலத் தெரிந்தது" என்று ஊதும் விசில்தான் அதிகம் பிழைக்கிறது.

எங்கள் சீமெந்துத் தரைக்கு முக்கியமான இன்னொன்று. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசு படிந்து தரை வழுக்கும். பந்தோடு விழுந்து அப்படியே சறுக்கிக்கொண்டு போனால் அது ட்ரவலிங் அல்ல. பந்தை வைத்துக்கொண்டு உருண்டாலோ, எழும்ப முயன்றாலோதான் ஊத வேண்டும்.

மேசைப்பக்கம்:
நடுவரைத்தான் எல்லாரும் ஏசுறது. போட்டி கெடுறது கனக்க மேசையில.

பேனை: புள்ளித்தாளில 1ஆம், 3ஆம் கால்பகுதிக்குச் சிவப்பு. 2ஆம், 4ஆம் பகுதிக்கும் மேலதிக நேரத்துக்கும் நீலம் அல்லது கறுப்பு. ரெண்டு நிறமும் ரெண்டு ரெண்டாக் கொண்டு போங்கோ. ஒரு நிறத்தில எழுதின தாளில, ஒரு பவுல் எந்தப் பகுதியில வந்தது எண்டு பிறகு பிரிக்கேலாது. ஒரு பகுதியில நாலு ரீம் பவுலுக்கு (அணியின்ர மொத்தப் பவுலுக்கு) பிறகு வாறதுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ எண்டபடியா, அந்தப் பிரிப்பு இல்லாட்டி தாளே உதவாது. பந்து வைச்சிருக்கிற பக்கத்தார் செய்யிற பவுலுக்கு மட்டும் அப்பவும் ஃப்ரீ த்ரோ இல்லை.

அம்புக்குறி: ரெண்டு பக்கத்தாரும் பந்தை இறுகப் பிடிச்சா அடுத்து பந்து ஆருக்கு எண்டு காட்டுறது. ஆட்டம் தொடங்க நடுவர் மேல எறியிற முதல் ஜம்ப் போலில பந்தைப் பிடிக்காத அணிக்கு முதல் அம்பு. அம்பைத் திருப்ப வேண்டியது, உள்ள எறிஞ்ச பந்தைக் கோர்ட்டுக்குள்ள ஒருத்தர் தொட்ட பிறகு. நடுவர் பந்தைக் கையில குடுத்த உடன திருப்புறதுதான் வழமையான பிழை. அதுக்கிடையில ஒரு பவுல் விழுந்தா அந்த அணி அம்பை இழக்கக்கூடாது, ஆனா மேசை ஏற்கெனவே திருப்பியிருக்கும். இடைவேளையில அணியள் பக்கம் மாறுறபடியா அம்பையும் மற்றத் திசைக்கு மாத்தவேணும். என்.பி.ஏ.யில அம்பே இல்லை, ஒவ்வொருக்காலும் ஜம்ப் போல்தான். அதால பெடியளுக்கு இது விளங்காமத்தான் இருக்கும், பொறுமையாச் சொல்லுங்கோ.

டைம் அவுட்: முதல் பாதியில 2, ரெண்டாம் பாதியில 3. ஆனா கடைசி 2 நிமிசத்துக்குள்ள ரெண்டுக்கு மேல எடுக்கேலாது. 4ஆம் பகுதியில மணிக்கூடு 2:00 காட்டேக்க ரெண்டாம் பாதியின்ர ஒரு டைம் அவுட்டும் எடுக்கப்படேல்லை எண்டா, தாளில அந்தப் பாதிக்குரிய முதல் கட்டத்தில ரெண்டு கிடைக்கோடு போட்டு அடைச்சு விடவேணும். கோச்சுக்கு இதை முன்கூட்டியே சொல்லுறது மரியாதை.

24 செக்கன்: பந்து கிடைச்ச அணி இதுக்குள்ள ஷூட் பண்ணவேணும். தன்ர அணியின்ர ஷூட் வளையத்தில பட்டு அதே அணிக்குத் திரும்பி வந்தா 14. வளையத்தில படாட்டி ஒண்டும் மாத்தக்கூடாது. எதிரணிக் கை பட்டாலும் மாத்தக்கூடாது, அவை பிடிச்சால்தான் புதுக்கணக்கு. பந்து கையை விட்ட உடன பொத்தானை அமத்திற பழக்கம் கனபேருக்கு இருக்கு. விரலைக் கட்டுப்படுத்துங்கோ, வளையத்தைப் பாருங்கோ. திரை இல்லாத கோர்ட்டில ஸ்டொப்வாட்ச் பிடிக்கிறவர் கடைசிப் பத்துச் செக்கனைச் சத்தமாச் சொன்னா எல்லாருக்கும் நல்லது.

(24 எங்கயிருந்து வந்தது எண்டு ஒரு பிள்ளை கேட்டது. 1950இல ஒரு என்.பி.ஏ. ஆட்டம் 19–18 எண்டு முடிஞ்சது. பந்தை வைச்சுக்கொண்டே நேரத்தைக் கடத்தினவை. 1954இல சிரக்கியூஸ் அணியின்ர சொந்தக்காரர் டனி பியாசோன் ஒரு ஆட்டத்துக்கு 120 ஷூட் எண்டு பிடிச்சு, 48 நிமிசத்தின்ர 2880 செக்கனைப் பிரிச்சார். வந்தது 24.)

புதுக்குடியிருப்பு_வலை:
பெண்கள் போட்டி பற்றி. எங்கட பக்கம் அனேகமான பிள்ளையள் வலைப்பந்தாட்டத்தில இருந்து வாறவை, நடுவர்மாரும் அப்படித்தான். வலைப்பந்தில காவல் நிக்கிறவ 0.9 மீற்றர் தள்ளி நிக்கவேணும். அந்தக் கண்ணோட வந்தா ஒவ்வொரு முட்டலும் பவுலாத் தெரியும். பாஸ்கட்போலில பந்து வைச்சிருக்கிறவவுக்கு முன்னால கிட்ட நிக்கலாம். முகம் பாத்து, ரெண்டு காலும் தரையில வைச்சு இடத்தை எடுத்திட்டா, பிறகு பக்கவாட்டிலயும் பின்னுக்கும் நகரலாம், நேர் மேல கை தூக்கிக் குதிக்கலாம். அப்ப நெஞ்சில வந்து மோதினா அது பந்து கொண்டு வந்தவவின்ர பவுல். வளையத்துக்குக் கீழ 1.25 மீற்றர் அரைவட்டத்துக்குள்ள மட்டும், காற்றில வந்து மோதுறவவுக்குச் சார்ஜ் (அந்த மோதல் பவுல்) குடுக்கிறேல்லை. அந்த அரைவட்டமே கீறாத கோர்ட் எங்கட பக்கம் இருக்கு. சோக்கட்டியாலயாவது கீறிப்போட்டுத் தொடங்குங்கோ.

பிள்ளையளை நடுவராக வரச் சொல்லிக் கேளுங்கோ. 1997இல வயலட் பாமரும் டீ கான்ட்னரும் என்.பி.ஏ. ஆண்கள் ஆட்டத்துக்கே விசில் பிடிச்சவை.

சோளகம்:
கோடு எண்டதும் சொல்லவேணும். 2010க்கு முதல் பெயின்ற் அடிச்ச கோர்ட்டில வளையத்துக்கு முன்னால சரிவகப் பெட்டியும் 6.25 மீற்றர் மூண்டு புள்ளி வளைவும் கிடக்கும். இப்ப பெட்டி 4.9க்கு 5.8 செவ்வகம், வளைவு 6.75. புதுசாக் கீற: பின்கோட்டின்ர நடுவில இருந்து உள்ளுக்கு 1.575 மீற்றர் அளந்து ஆணி. அதில இருந்து 6.75க்கு வளைவு. பக்கக் கோட்டில இருந்து 0.90 மீற்றர் உள்ளுக்கு நேர்கோடு. ரெண்டும் பின்கோட்டில இருந்து 2.99இல சந்திச்சா அளவு சரி. சந்திக்காட்டி உங்கட ஆணி இடம் பிழை. நைலோன் கயிறு வேண்டாம், இழுபடும். இரும்பு ரேப் பிடியுங்கோ. பழைய கோட்டை அழிக்காமப் புதுசு கீறினா, கரப்பந்துக் கோடும் சேர்ந்து, கால் எந்தக் கோட்டில எண்டு நடுவர் தேடவேண்டி வரும். வளைவுக் கோட்டில கால் பட்டா 2 புள்ளி எண்டதையும் மறக்காதேங்கோ.

விசிலுக்கு உள்ள குண்டு வேண்டாம். வேர்வையும் தூசும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். குண்டில்லாத ஃபொக்ஸ் 40 வந்ததே அந்தத் தொல்லைக்குத்தான்.

கிளிநொச்சி_14:
அண்ணைமார், 0.2 செக்கன் இருக்கேக்க உள்ள எறிஞ்ச பந்தைப் பிடிச்சு ஷூட் பண்ணி விழுந்தா?

வவுனியா_ட்ரெயில்:
செல்லாது தம்பி. பிடித்து எறிய 0.3 செக்கனாவது வேண்டும். 0.2, 0.1 என்றால் வந்த பந்தைத் தட்டி விடலாம், அல்லது நேரே டங்க் பண்ணலாம். எறியுமுன் நடுவர் மணிக்கூட்டைப் பார்த்து, இரண்டு அணிக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டால் பிறகு சத்தம் வராது.